மெசேஜ் வராத திங்கட்கிழமை

அக்டோபர் 15, புதன்

அப்பா வந்துவிட்டார். இன்னாசி மாமா வரவில்லை.

எழுதாமல் இருக்க முடியவில்லை. இது பிசிக்ஸ் ரெக்கார்டின் கடைசிப் பக்கங்கள். எங்கள் வீட்டில் இதை யாரும் திறக்க மாட்டார்கள். போர்வைக்குள் ஃபோன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மா அப்பாவின் கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்திருக்கிறாள். இருவரும் தூங்கவில்லை என்று மூச்சிலேயே தெரிகிறது.

கவிழ்ந்த வள்ளத்தின் முதுகைப் பிடித்தபடி அப்பா பத்தொன்பது மணி நேரம் கிடந்திருக்கிறார். நேற்று நள்ளிரவில் ஒரு விசைப்படகில் வந்தவர்கள் பார்த்துத் தூக்கிப் போட்டு, வள்ளத்தையும் கட்டி இழுத்து, காலையில் கரையில் கொண்டுவந்து இறக்கினார்கள். நெஞ்சிலும் முழங்கையிலும் தோல் இல்லை. ஆஸ்பத்திரியில் இருக்க மாட்டேன் என்று அடம்பிடித்து வந்துவிட்டார். இன்னாசி மாமா நேற்று மதியம் வரைக்கும் பக்கத்தில்தான் பிடித்துக்கொண்டிருந்தாராம். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அப்பா சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அம்மாவிடம் மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்கிறார்.

"நாந்தான் கூப்பிட்டேன் எமிலி. அவன் வரமாட்டேன்னுதான் சொன்னான். மேகம் சரியில்ல மச்சான், இன்னைக்கு விட்டுருவோம்னான். மெசேஜ் வரல்லல்லா, பெறவு என்னல பயம்னு நாந்தான் இழுத்துட்டுப் போனேன்."

மெசேஜ் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியாது.

அக்டோபர் 16, வியாழன்

இன்று கடலோரக் காவல்படை விமானம் இரண்டு தடவை தாழப் பறந்தது. ஊரிலிருந்து பதினாறு வள்ளங்கள் போயின. நான் தண்ணீர் எடுத்தேன், பாத்திரம் துலக்கினேன், அப்பாவின் காயத்துக்கு மருந்து போட்டேன்.

மெசேஜ் என்றால் என்ன என்று இங்கே எழுதி வைக்கிறேன். ஒருநாள் யாராவது கேட்டால் குழறாமல் சொல்ல வேண்டும்.

என் அண்ணன் கிளாட்வின் இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினான். அது எங்கள் வீட்டு லேப்டாப்பில் இல்லை, எங்கோ இருக்கும் ஒரு சர்வரில் இருக்கிறது. தினமும் இரவு எட்டு மணிக்குத் தானாக எழுந்து வானிலைத் தளம் ஒன்றிடம் போய், எங்கள் ஊர் சங்குமுனைக்கு நேரே நாளைக்குக் காற்று எவ்வளவு, அலை எவ்வளவு என்று கேட்கும். கேட்கும்போதே தன்னிடம் இருக்கும் சாவியைக் காட்ட வேண்டும். சாவி என்றால் நாற்பது எழுத்துகளும் எண்களும். சாவி சரியாக இருந்தால் 200 என்ற எண்ணோடு பதில் வரும். காற்று அளவுக்கு மேல் இருந்தால் ஊரில் எல்லாருடைய ஃபோனுக்கும் மெசேஜ் போகும்: "நாளை கடலுக்குப் போக வேண்டாம்." அளவுக்குள் இருந்தால் மெசேஜ் போகாது.

இரண்டு வருடமாக அது ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அதனால் ஊரில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. எட்டரை மணிக்கு ஆண்கள் ஃபோனைப் பார்ப்பார்கள். ஒன்றும் வரவில்லையென்றால் வலையை எடுத்து வைப்பார்கள். மெசேஜ் வந்துவிட்டால் பெண்கள் சிரிப்பார்கள். "கிளாட்வினு புண்ணியத்துல இன்னைக்குத்தாம்ட்டி எம் புருசன் வீட்டுல படுக்கப் போறான்" என்று மெட்டில்டா அத்தை ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். மெட்டில்டா அத்தை இன்னாசி மாமாவின் மனைவி. அவர்கள் மகள் டெல்பின் என்னோடு பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறாள்.

அண்ணன் ஜூன் மாதம் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போய்விட்டான். ஸ்கிரிப்டை என்னிடம் ஒப்படைத்தான். அன்றிலிருந்து இன்னாசி மாமா என்னைக் கலெக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். "என்ன கலெக்டரம்மா, நாளைக்கு எங்களுக்கு லீவு விடுவியளா, மாட்டியளா?"

அக்டோபர் 17, வெள்ளி

இன்றும் தேடினார்கள். மாமாவின் சட்டை கிடைத்ததாக ஒரு பேச்சு வந்தது. அது வேறு யாருடையதோ.

அக்டோபர் 18, சனி

இன்று சர்வரைத் திறந்தேன்.

ஸ்கிரிப்ட் ஒவ்வொரு இரவும் என்ன செய்தது என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளும். பத்தாம் தேதி வரை 200, 200, 200. பதினொன்றாம் தேதியிலிருந்து 401. பன்னிரண்டு, 401. பதின்மூன்று, திங்கள், 401.

401 என்றால் "நீ யார் என்று எனக்குத் தெரியவில்லை" என்று பொருள். ஸ்கிரிப்ட் சரியான நேரத்தில் எழுந்து போயிருக்கிறது. சாவியைக் காட்டியிருக்கிறது. அவர்கள் கதவைத் திறக்கவில்லை. பதில் 200 இல்லையென்றால் ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிட வேண்டும் என்று அண்ணன் எழுதி வைத்திருந்தான். அது அப்படியே நின்றுவிட்டது. அன்று காற்று எவ்வளவு வருகிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது. ஊருக்கும் தெரியாது. ஃபோன் சும்மா இருந்தது. சும்மா இருந்தால் போகலாம் என்று அர்த்தம்.

ஏன் 401 என்றும் தெரிந்துவிட்டது. எழுதத்தான் கை வரவில்லை.

அண்ணன் சாவியைத் தனிக் கோப்பில் ஒளித்து வைத்திருந்தான். ஓடும்போது மட்டும் ஸ்கிரிப்ட் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். செப்டம்பரில் வேறு சர்வருக்கு மாற்றும்போது அந்தத் தனிக் கோப்பை எப்படிச் சேர்ப்பது என்று எனக்குப் புரியவில்லை. சாவியை ஸ்கிரிப்டுக்குள்ளேயே நாலாவது வரியில் எழுதிவிட்டேன். ஓடியது. ஓடினால் போதும் என்று இருந்துவிட்டேன்.

பத்தாம் தேதி பள்ளிப் பிள்ளைகளுக்கான மாவட்டப் போட்டிக்குக் கடைசி நாள். எங்கள் பள்ளி ஹெப்சி மிஸ், "உன் ஸ்கிரிப்ட எல்லாரும் பாக்குற மாதிரி நெட்ல போட்டு லிங்க் குடும்மா" என்றார்கள். போட்டேன். நாலாவது வரியோடு போட்டேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி சாவி தெருவில் கிடந்தது. வானிலைத் தளத்துக்காரர்கள் அதைக் கண்டுபிடித்து அந்தச் சாவி செல்லாது என்று ஆக்கிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான்.

நானும் அண்ணனும் சேர்ந்து பார்க்கும் கணக்குக்கு மெயிலும் அனுப்பியிருக்கிறார்கள். அதை நான் இன்றைக்குத்தான் பார்த்தேன். "உங்கள் சாவி பொதுவெளியில் காணப்பட்டதால் நிறுத்தப்பட்டுள்ளது. புதிய சாவிக்குக் கணக்கின் உரிமையாளர் உள்நுழையவும்." உரிமையாளர் அண்ணன். உள்ளே நுழைய அவன் ஃபோனுக்கு ஒரு எண் வரும். அவன் கப்பல் நவம்பர் முதல் வாரம்தான் துறைமுகம் சேரும். அதுவரை அவனுக்கு ஃபோனும் இல்லை, நெட்டும் இல்லை.

அந்த மெயில் ஏற்கெனவே வாசித்தது போலக் கறுப்பு மங்கிப்போய்த்தான் இருந்தது. அண்ணன் பார்த்திருப்பான்.

அக்டோபர் 19, ஞாயிறு

சாவியை வெளியே போட்டது குற்றமா, போலீஸ் வருமா என்று தேடிப் பார்த்தேன். தேடிய தடத்தையும் அழித்துவிட்டேன்.

பூசையில் சாமியார் இன்னாசி மாமாவின் பெயரைச் சொல்லி மன்றாடினார். காணாமல் போனவர் என்றுதான் சொன்னார். இறந்தவர் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக மெட்டில்டா அத்தை தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

அக்டோபர் 21, செவ்வாய்

தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் நடந்தது. பெண்கள் எல்லாரும் பந்தலுக்கு வெளியே நின்றோம். வானிலைக்காரர்கள் எச்சரிக்கை தராததால்தான் இப்படி ஆயிற்று என்று மனுக் கொடுக்கலாம் என்றார் கமிட்டித் தலைவர். மனுக் கொடுத்தால் விசாரிப்பார்கள். விசாரித்தால் எங்கே வந்து நிற்பார்கள்?

அப்போது அப்பா எழுந்தார். கையில் இன்னும் கட்டு இருக்கிறது.

"யார் மேலயும் மனுக் குடுக்க வேண்டாம். இன்னாசிக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அவன் சொன்னான், நான் கேக்கல. நாந்தான் கூட்டிட்டுப் போனேன். எழுதுறதுன்னா எம்பேர எழுதுங்க."

மெட்டில்டா அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"வரமாட்டேன்னு சொன்னவியளயா கூட்டிட்டுப் போனிய?"

"ஆமா தாயி."

"ஒரு வாரமா எங்கிட்ட இதச் சொல்லலிய, அண்ணே."

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால் அப்பாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அக்டோபர் 23, வியாழன்

கெமிஸ்ட்ரி டெஸ்ட். பன்னிரண்டு மார்க்.

அம்மா சோறும் பருப்பும் தூக்குவாளியில் போட்டு மெட்டில்டா அத்தை வீட்டுக்கு அப்பாவிடம் கொடுத்து அனுப்பினாள். வாளி அப்படியே திரும்பி வந்தது. அப்பா அதைத் தின்னவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. கையில் வைத்தபடியே வாசலில் நின்றார். நான் போய் வாங்கி உள்ளே வைத்தேன்.

அப்பா இப்போது மீன் சாப்பிடுவதில்லை. அம்மாவும் கேட்பதில்லை. மூன்று நாளாக ரசம்தான்.

அக்டோபர் 24, வெள்ளி

காலையில் தலை சீவும்போது அம்மா கேட்டாள். "அன்னைக்கு ஏன்ட்டி அந்த மெசேஜ் வரல?"

"தெரியலம்மா."

சடையைக் கொஞ்சம் இறுக்கிப் பின்னினாள்.

அக்டோபர் 27, திங்கள்

இன்றைக்கு நடந்ததை நான் மறக்கவே முடியாது. அதனால் எழுதாமலும் இருக்கலாம். ஆனாலும் எழுதுகிறேன்.

டெல்பின் இன்றுதான் பள்ளிக்கு வந்தாள். இரண்டு வாரம் கழித்து. யூனிஃபார்ம் தொளதொளவென்று இருந்தது. வழக்கம் போல என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து, பையில் இருந்து எனக்குப் பிடித்த வறுத்த கடலையை எடுத்து டெஸ்க்கின் மேல் வைத்தாள். யாரோ துக்கம் கேட்க வந்தவர்கள் கொண்டுவந்த கடலை.

பிரேயரில் ஹெப்சி மிஸ் மைக்கைப் பிடித்தார்கள். மாவட்டப் போட்டியில் நம் பள்ளிக்கு முதல் பரிசு. என் பெயரை அப்பா பெயரோடு சேர்த்து வாசித்தார்கள்: பதினொன்றாம் வகுப்பு கஸ்பார் விண்ணரசி. தலைப்பு, மீனவர் உயிர் காக்கும் மெசேஜ்.

பின்னால் இருந்தவர்கள் என்னைத் தள்ளிவிட்டார்கள். மேடை ஏறிச் சான்றிதழை வாங்கித் திரும்பினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். விவரம் தெரிந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மட்டும் தட்டவில்லை. டெல்பின் தட்டினாள். இரண்டே இரண்டு தடவை, மெதுவாக. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

மதியம் சாப்பிடும்போது கேட்டாள்.

"அன்னைக்கு மட்டும் ஏன் விண்ணு மெசேஜ் வரல?"

கோபமாகக் கேட்கவில்லை. ஒரு கணக்கில் சந்தேகம் கேட்பது மாதிரி கேட்டாள்.

"சர்வர் டவுனா இருந்துச்சு."

"சர்வர் டவுன்னா?"

"அது அப்பப்ப நடக்கும். யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

"ம்" என்றாள். டிபன் பாக்ஸை மூடிவிட்டு, "அப்ப யார் மேலயும் தப்பு இல்ல, என்ன? கஸ்பார் மாமா மேலயும் கூட முழுசா இல்ல. நான் அம்மாட்டச் சொல்லிப் பாக்கேன்" என்றாள்.

சாயங்காலம் அந்தச் சான்றிதழைச் சாக்கடைப் பாலத்தில் நின்று கிழித்துப் போட்டேன். ஹெப்சி மிஸ் ஃப்ரேம் போட வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வது?

அக்டோபர் 28, செவ்வாய்

டெல்பின் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். "மெசேஜ் வந்தா என்ன, வராட்டா என்ன, அவிய வாயால வேண்டாம்னு சொன்ன பெறவு எவன் கூட்டிட்டுப் போவான்?" என்றாளாம் அத்தை.

அக்டோபர் 29, புதன்

அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

பள்ளி விட்டு வரும்போது அப்பா கரையில், இழுத்துப் போட்டிருக்கும் எங்கள் வள்ளத்தின் நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தார். வள்ளத்தின் பக்கவாட்டில் பெரிய விரிசல். அதைச் சரிபார்க்க ஆள் கூப்பிடவே இல்லை. வலை பின்னவும் இல்லை. கையில் ஒன்றுமில்லாமல் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சாவி, நாலாவது வரி, போட்டி, 401. அப்பாவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் புரிய வேண்டிய பாதி புரிந்துவிட்டது.

"அந்த மெயிலு எப்பம் வந்துச்சு?"

"பதினொண்ணாந் தேதிப்பா. சனிக்கிழமை."

"நாங்க போனதுக்கு முன்னாலயா?"

"ஆமா. ரெண்டு நாள் முன்னால."

"நீ எப்பம் பாத்த?"

"பெறவுதாம்ப்பா. எல்லாம் முடிஞ்ச பெறவு."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் மணலில் ஊர்ந்த நண்டைப் பார்த்தேன். நண்டு வளைக்குள் போய்விட்டது. அப்பா இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார்.

எழுந்து என் தோள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். மூன்றாம் வகுப்புக்குப் பிறகு அவர் என் பையைத் தூக்கியதில்லை.

"இந்தா பாரு மக்ளே. இத யார்ட்டயும் சொல்லப்பிடாது. உங்கம்மைட்ட கூட. அவன் வேண்டாம்னான், நான் கூப்பிட்டேன். அதுல ஒரு வார்த்தை பொய் இல்ல. அது என்னோட போட்டும். நீ படிக்கிற பிள்ள."

அக்டோபர் 30, வியாழன்

நேற்று நன்றாகத் தூங்கினேன். பதினைந்து நாளில் முதல் தடவை. காலையில் நாலு இட்லி சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான் பார்த்தேன், அப்பா ஒன்றைக்கூட வாயில் வைக்காமல் பிட்டுப் பிட்டுப் போட்டிருந்தார்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள்.

நேற்றே எல்லாரும் போய் அவரவர் வீட்டுக் கல்லறையில் புல் பறித்து வெள்ளையடித்துவிட்டார்கள். இன்று மாலை பூவும் மெழுகுதிரியும். சாமியார் ஒவ்வொரு வரிசையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே வந்தார். எங்கள் தாத்தா கல்லறையில் நான் ஆறு திரி வைத்தேன்.

மெட்டில்டா அத்தைக்கு வைக்க இடமில்லை. அவளும் டெல்பினும் கல்லறைத் தோட்டத்துக்குள் வரவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் கடற்கரையில் உட்கார்ந்து, மணலைக் குவித்து அதில் திரியை நட்டு ஏற்றினார்கள். காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினார்கள். மறுபடி அணைந்தது.

அப்பா இதை மதிலுக்கு மேலாகப் பார்த்தார். எங்கிருந்தோ ஒரு தகரத் துண்டை எடுத்துக்கொண்டு போனார். காற்றுக்கு மறைப்பாக வைக்கத்தான். அவர்களுக்குப் பத்தடி தூரத்தில் போய் நின்றார். அதற்குமேல் போகத் தைரியம் வரவில்லை போல.

அத்தை திரும்பிப் பார்க்காமலேயே சொன்னது எனக்கும் கேட்டது.

"டெல்பின், அவியள அந்தால போவச் சொல்லு."

டெல்பின் எழுந்து வந்து தலையைக் குனிந்தபடி, "மாமா, அம்மா போவச் சொல்லுதாவ" என்றாள்.

"சரி மக்ளே" என்று அப்பா தகரத்தை மணலில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். ஊர் முழுக்க மதில் ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா யார் முகத்தையும் பார்க்காமல் கல்லறைகளுக்கு நடுவே நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார். "திரி எரியுதா?" என்று கேட்டார். எங்கள் தாத்தாவின் திரிகள்தான். எல்லாம் எரிந்துகொண்டிருந்தன.

நாளைக்கு அத்தை வீட்டுக்குப் போகப் போகிறேன். பயமாக இருக்கிறது. அதை எழுதினாலும் குறையவில்லை.

நவம்பர் 3, திங்கள்

மெட்டில்டா அத்தை முற்றத்தில் சுளகில் ரேஷன் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். டெல்பின் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் போய் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"மெசேஜ் வராததுக்கு நாந்தான் காரணம் அத்தை. சர்வர் டவுன்னு சொன்னது பொய். நான் சாவியத் தொலைச்சிட்டேன்."

"சாவியா? எந்த வீட்டுச் சாவி?"

எப்படிச் சொல்வது என்று இத்தனை நாள் தயாரித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"வீட்டுச் சாவி இல்ல அத்தை. காத்து எவ்வளவுன்னு சொல்றவங்க இருக்காங்கல்ல, அவங்க கதவு. நம்ம ஸ்கிரிப்ட் ஒவ்வொரு ராத்திரியும் போயி அவங்கட்ட கேக்கும். கதவத் தட்டயிலே சாவியக் காட்டணும். காட்டுனாத்தான் சொல்லுவாங்க. நான் அந்தச் சாவியப் பரிசுக்காக எல்லாரும் பாக்குற எடத்துல போட்டுட்டேன். அவங்க பாத்துட்டு, இது இனிமே செல்லாதுன்னுட்டாங்க."

"அப்ப அன்னைக்கு அது போயித் தட்டிருக்கு."

"தட்டிருக்கு."

"அவிய தொறக்கல."

"தொறக்கல அத்தை."

அத்தை ஒரு கல்லை எடுத்து ஓரத்தில் வைத்தாள்.

"தொறக்கலன்னா அது திரும்பி வந்து நம்மட்டச் சொல்ல வேண்டாமா? இந்த மாதிரி, என்ன உள்ள விடல, எனக்கு ஒண்ணும் தெரியலன்னு? வாயத் தொறந்து ஒரு சொல்லு சொல்லிருந்தா அவிய போயிருக்க மாட்டாவளே."

"அப்பிடிச் சொல்றதுக்கு அதுக்கு எழுதி வைக்கல அத்தை. அது பேசாம இருந்துரும்."

"ம்." அரிசியை ஒருமுறை புடைத்தாள். "நீ சின்னப் பிள்ள. உனக்கும் தெரிஞ்சிருக்காது."

அந்த இடத்தில் நான் தலையாட்டியிருக்கலாம். அத்தையே வழி விட்டாள்.

"தெரியும் அத்தை. சனிக்கிழமையே மெயில் வந்துச்சு. வாசிச்சேன்."

இந்த நோட்டில் அதைப் பற்றி எழுதிய இடமெல்லாம் பொய். அப்பாவிடம் சொன்னதும் பொய். பதினொன்றாம் தேதி சாயங்காலம் ஆறரை மணிக்கு, மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது வாசித்தேன். இரண்டு தடவை வாசித்தேன். அப்போதே அப்பாவிடம் போய், மெசேஜ் வேலை செய்யவில்லை, ஊரில் சொல்லிவிடுங்கள் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். அண்ணனுக்குத் தெரிந்துவிடும். ஹெப்சி மிஸ் போட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள். வானம் பளிச்சென்று இருந்தது. மூன்று நான்கு வாரத்தில் அண்ணன் கரைக்கு வருவான், அதற்குள் எங்கே காற்று வரப்போகிறது என்று நினைத்தேன். துணியை மடித்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

அத்தை சுளகைக் கீழே வைத்தாள். வாசலில் டெல்பின் நின்றிருந்தாள். கையில் மாமா இடுப்பில் உடுத்தும் சாரம், பாதி மடித்தபடி.

"கஸ்பார் அண்ணனுக்கு இது தெரியுமா?"

"அஞ்சு நாளாத் தெரியும்."

"நேத்து கரையில வந்து நின்னாவளே, அப்பமும் தெரியுமா?"

"தெரியும் அத்தை."

அத்தை எழுந்தாள். கையில் ஒட்டிய தவிட்டைத் தட்டிக்கொண்டு, செருப்புப் போடாமல் தெருவில் இறங்கி நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். எங்கள் வீட்டு வாசலில் அப்பா அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டிருந்தார். அத்தையைப் பார்த்ததும் கோடரியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"அண்ணே, நேத்து அப்பிடிச் சொல்லிட்டேன். மனசுல வைக்காதீய."

அப்பாவுக்கு என்னைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "இல்ல தாயி, கூப்பிட்டது நாந்தான்..."

"கூப்பிட்டது நீங்கதான். அத நான் மறக்கல. ஆனா நீங்க தெரியாமக் கூப்பிட்டிய." அத்தைக்கு மூச்சு வாங்கியது. "வள்ளத்த ஆளு வச்சுச் சரி பண்ணுங்க. கரையில அது கெடக்கத என்னால பாக்க முடியல. இனி வாளியில சோறு வந்தா நான் திருப்பி அனுப்ப மாட்டேன்."

அப்பா அழுதார். கடலிலிருந்து வந்த நாள் முதல் அழாதவர், விறகுக் குவியலில் உட்கார்ந்து, தோல் வளர்ந்துகொண்டிருக்கும் முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அத்தை அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போகத் திரும்பினாள். என்னைக் கடக்கும்போது நின்றாள். என்னைப் பார்த்துப் பேசவில்லை.

"உங்க மவ இனி எங்க வாசல மிதிக்க வேண்டாம் அண்ணே. சொல்லிருங்க."

நவம்பர் 4, செவ்வாய்

அம்மா அடிக்கவில்லை. "இத்தன நாளா ஒரே வீட்டுலதான படுத்துக் கெடந்த. ஒருநாள்கூட எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லத் தோணல, என்ன?" என்றாள். அடித்திருக்கலாம்.

டெல்பின் மூன்றாம் பெஞ்சுக்கு மாறிவிட்டாள்.

நவம்பர் 6, வியாழன்

அப்பா என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். கமிட்டி ஆட்கள் ஒன்பது பேர். சாமியாரும் இருந்தார். முதலில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவர் எழுந்து, "இந்தப் பிள்ளக விளையாட்டெல்லாம் இனி வேண்டாம்" என்றார். இன்னொருவர், "ரெண்டு வருசம் உசுரோட இருந்தமே, அதுவும் இந்த விளையாட்டுலதான்" என்றார். கொஞ்ச நேரம் சத்தம் போட்டார்கள். கடைசியில் தலைவர் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"இனி அது எங்கள ஏமாத்தாதுன்னு என்ன நிச்சயம்?"

"இனி தினமும் மெசேஜ் வரும். காத்து கம்மின்னாலும் வரும், கூடன்னாலும் வரும். கதவு தொறக்கலன்னா, எனக்கு ஒண்ணும் தெரியலன்னு வரும். ஒண்ணுமே வராத அன்னைக்கு யாரும் போகாதீங்க."

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இதை எனக்குச் சொல்லித் தந்தது யார் என்று அங்கே சொல்லவில்லை. அந்தப் பெயரை அந்த இடத்தில் எடுக்க எனக்கு உரிமை இல்லை.

நவம்பர் 8, சனி

அண்ணன் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டான். அப்பா முதலில் பேசினார், பிறகு என்னிடம் தந்தார். அண்ணன் திட்டவில்லை. இன்னாசி மாமாதான் அவனுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தவர். "401 வந்தா ஆளக் கூப்பிடுன்னு நான்தான் எழுதிருக்கணும் விண்ணு. அது என் தப்பு" என்றான். நான் அவனை அதற்குமேல் சொல்ல விடவில்லை.

அவன் ஃபோனுக்கு வந்த எண்ணைச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். புதிய சாவி கிடைத்தது. நாற்பது எழுத்து. தனிக் கோப்பு எப்படி என்று ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். நாலாவது வரியில் இப்போது சாவி இல்லை. அது இருக்கும் கோப்பின் பெயர் மட்டும் இருக்கிறது. சோதித்துப் பார்த்தேன். 200.

நவம்பர் 10, திங்கள்

இன்று இரவு எட்டு மணிக்கு முதல் மெசேஜ் போக வேண்டும்.

காலையில் பள்ளியில் என் டெஸ்க்கில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. டெல்பினின் சாய்ந்த எழுத்து. என் பெயர்கூடப் போடவில்லை.

"எங்க வீட்டு நம்பர் ரெண்டையும் லிஸ்ட்ல இருந்து எடுத்துரு. எங்க வீட்ல இனி கடலுக்குப் போக யாரும் இல்ல. எட்டு மணிக்கு ஃபோன் சத்தம் கேட்டா அம்மா எந்திச்சு உக்காந்துருதாங்க."

வீட்டுக்கு வந்து சர்வரைத் திறந்தேன். பட்டியலில் அறுபத்து நான்கு எண்கள். இருபத்தெட்டாவது மெட்டில்டா அத்தை. இருபத்தொன்பதாவது இன்னாசி மாமா. அத்தையின் எண்ணை எடுத்தேன். மாமாவின் எண்ணில் விரலை வைத்துக்கொண்டு அம்மா சாப்பிடக் கூப்பிடும் வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு அதையும் எடுத்தேன். கீழே இருந்த எண்கள் எல்லாம் இரண்டு இடம் மேலே ஏறிக்கொண்டன. அங்கே ஏதோ இருந்தது என்பதே தெரியவில்லை.

எட்டு மணிக்கு ஸ்கிரிப்ட் எழுந்தது. சாவியைக் காட்டியது. காற்று பதினாறு கிலோமீட்டர், அலை ஒரு மீட்டர். அப்பாவின் ஃபோன் அடுத்த அறையில் ஒலித்தது. அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு வாசித்துவிட்டு, "வந்துட்டு" என்று அம்மாவிடம் சொன்னது கேட்டது.

எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்று சர்வரில் பார்த்தேன்.

அறுபத்திரண்டில் அறுபத்திரண்டு. ஒன்றுகூடத் தவறவில்லை.